பானையில் குளிரும் நீர், இட்லியில் சுடும் ஆவி

சித்திரை மாதத்து மதிய வேளையில், நிழலில் வைத்த மண்பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடிப்பவர்கள், அது ஏன் இவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. யாராவது கேட்டாலும், "மண்ணுக்குக் குளிர்ச்சிக் குணம் உண்டு" என்ற விடை உடனே வந்துவிடும். இந்த விடையைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே சூளையில் சுட்ட, ஒரே அளவுள்ள இரண்டு புதிய பானைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வெளிப்புறம் முழுவதும் எனாமல் பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீரை நிரப்பி, காற்றோட்டமான ஒரே இடத்தில் வைத்து, சில மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பெயிண்ட் அடிக்காத பானையின் நீர் குளிர்ந்திருக்கும். மற்றப் பானையின் நீர் கிட்டத்தட்ட அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும். இரண்டும் ஒரே மண்தான். ஆகவே குளிர்ச்சிக்குக் காரணம் மண்ணின் குணம் அன்று. பெயிண்ட் எதைத் தடுத்ததோ அதுதான் காரணம்.

பெயிண்ட் தடுத்தது பானையின் நுண்துளைகளை. சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக உண்டு. அவற்றின் வழியே நீர் மெல்லக் கசிந்து வெளிப்பரப்புக்கு வருகிறது. நல்ல பானையின் வயிற்றில் கை வைத்தால் ஈரம் தட்டுப்படுவது இதனால்தான். அந்த ஈரம் சொட்டுவதில்லை, வழிவதில்லை. காற்றோடு கலந்து போய்க்கொண்டே இருக்கிறது. போகும்போது பானையிடமிருந்தும், பானைக்குள் இருக்கும் நீரிடமிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நீர் இவ்வாறு தன் மேற்பரப்பிலிருந்து ஆவியாக மாறிச் செல்வதற்கு ஆவியாதல் என்று பெயர். பழைய பானை சரியாகக் குளிர்விப்பதில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளும் அழுக்கும் நாளடைவில் துளைகளை அடைத்துவிடுகின்றன. மெதுவாக, ஒரு வருடத்தில், பெயிண்ட் செய்த வேலையை அவை செய்துவிடுகின்றன.

ஆனால் ஆவியாகிப் போகும் நீர் ஏன் வெப்பத்தை எடுத்துப் போக வேண்டும்? இங்கேதான் பாடநூலில் ஒரு வரியில் கடந்துவிடும் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நீர் என்பது மூலக்கூறுகளின் கூட்டம். அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டும், அதே நேரத்தில் ஓயாமல் அசைந்துகொண்டும் இருக்கின்றன. எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. சில மெதுவாகவும், பெரும்பாலானவை நடுத்தரமாகவும், சில மிக வேகமாகவும் அசைகின்றன. ஒரு பொருளின் வெப்பநிலை என்று நாம் அளப்பது இந்த அசைவின் ஆற்றலினுடைய சராசரியைத்தான். நீரின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு மூலக்கூறு, அக்கம்பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் தாவ வேண்டுமானால், அதற்கு நல்ல வேகம் இருந்தாக வேண்டும். எனவே தப்பிப் போகிறவை எப்போதும் வேகமானவையே. நாற்பது பேர் உள்ள வகுப்பில் 95க்கு மேல் மதிப்பெண் வாங்கும் ஐந்து மாணவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டால், மீதிப் பேரில் ஒருவர்கூட முன்பைவிடக் குறைவாக வாங்காவிட்டாலும், வகுப்பின் சராசரி இறங்கிவிடும் அல்லவா? நீரிலும் அதுவே நடக்கிறது. வேகமானவை போய்விட, எஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறைகிறது; சராசரி குறைந்தால் வெப்பநிலை குறைந்தது என்று பொருள். நீருக்கு யாரும் குளிர்ச்சியைக் கொடுக்கவில்லை. அதனிடமிருந்த வெப்பம் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். குளிர்ச்சி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்பதை இந்த இடத்தில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

எவ்வளவு வெப்பம் போகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் வியப்பு தெரியும். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.18 ஜூல் வெப்பம் போதும். ஆனால் 30 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராம் நீரை, வெப்பநிலையைக் கொஞ்சமும் உயர்த்தாமல், ஆவியாக மட்டும் மாற்றுவதற்கு ஏறத்தாழ 2430 ஜூல் வேண்டும். பத்து லிட்டர் நீர் கொள்ளும் ஒரு பானையிலிருந்து 100 கிராம் நீர், அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவான நீர், கசிந்து ஆவியானால் 2,43,000 ஜூல் வெப்பம் வெளியேறுகிறது. எஞ்சியுள்ள நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க 42,000 ஜூலுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை என்பதால், அந்த ஒரு டம்ளருக்கும் குறைவான நீர் போனதில் பானையின் நீர் முழுவதும் 6 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்துவிட முடியும். உண்மையில் வெளிக்காற்றிலிருந்து பானைக்குள் வெப்பம் திரும்பப் புகுந்துகொண்டே இருப்பதால், இதைவிடக் கூடுதலான நீர் ஆவியாக வேண்டியிருக்கும். காலையில் நிரப்பிய பானையின் மட்டம், யாரும் குடிக்காமலேயே மாலையில் சற்று இறங்கியிருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம்.

பானை இப்படியே குளிர்ந்துகொண்டே போய்ப் பனிக்கட்டியாகிவிடாதா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. அதற்கான விடை பானையில் இல்லை, காற்றில் இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி உண்டு. அந்த நீராவியின் மூலக்கூறுகளும் அலைந்து திரிந்து பானையின் ஈரத்தில் மோதி, அதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே ஆவியாதல் ஒருவழிப் பாதை அன்று. வெளியேறுபவை அதிகமாகவும் உள்ளே திரும்புபவை குறைவாகவும் இருக்கும்வரை நீர் குளிரும். நீர் குளிரக் குளிர வெளியேறுபவை குறைகின்றன; வெளிக்காற்றிலிருந்து பானைக்குள் புகும் வெப்பமோ கூடுகிறது. ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சரிக்கட்டிவிடும். அதற்குமேல் வெப்பநிலை இறங்காது.

அந்தக் கட்டம் எங்கே வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வெப்பநிலை 38 டிகிரியும் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடும் உள்ள வறண்ட வேலூர்ப் பக்கத்து மதியம் ஒன்றில், ஆவியாதலால் நீர் 24 டிகிரி அளவுக்குக்கூடக் குளிர முடியும். வெப்பநிலை 34 டிகிரிதான் என்றாலும் ஈரப்பதம் 75 விழுக்காடு இருக்கும் கடற்கரை ஊரில், 30 டிகிரிக்குக் கீழே அது இறங்குவது கடினம். வெயில் குறைந்த ஊரில்தான் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிரவில்லை! சென்னையில் 35 டிகிரியிலேயே "புழுக்கம் தாங்கவில்லை" என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். நம் உடலும் ஒரு மண்பானையே. தோலின் துளைகள் வழியே வியர்வை கசிகிறது. அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துப் போகிறது. நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடலுக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாக வழியின்றி உடம்பில் வழிகிறது. நாம் அதிகமாக வியர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வியர்வை போக மாட்டேனென்கிறது.

மின்விசிறியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. ஓடும் விசிறிக்கு அடியில் உலர்ந்த வெப்பமானி ஒன்றை வைத்தால், அது அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மீண்டும் வைத்துப் பாருங்கள். பாதரச மட்டம் கண்முன்னே இறங்கும். விசிறி செய்வதெல்லாம், ஈரமான பரப்பை ஒட்டித் தேங்கி நிற்கும் நீராவி மிகுந்த காற்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்துக்கு வேறு காற்றைக் கொண்டுவருவதுதான். கொடியில் உலர்த்தும் துணி விரித்துப் போட்டால் சீக்கிரம் காய்வதற்கும், மடித்துப் போட்டால் நாற்றமடிப்பதற்கும், ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் காயாததற்கும் தனித்தனியே விளக்கம் சொல்லத் தேவையில்லை. பரப்பு, காற்று, வெப்பம், ஈரப்பதம் என்ற நான்கில் எது மாறியது என்று பார்த்தால் போதும். காபியை டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே நீளமாக இழுத்து ஆற்றுகிறவர் இவற்றில் இரண்டை ஒரே கையசைவில் பயன்படுத்துகிறார்: காபியின் பரப்பை விரிக்கிறார், புதிய காற்றை அதன்மேல் படவிடுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த வெப்பநிலையிலும் நடக்கும் ஆவியாதல். கொதித்தல் வேறு. ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும் நடக்கிறது; கொதிக்கும்போதோ நீரின் உள்ளேயே, பாத்திரத்தின் அடியிலேயே, நீராவிக் குமிழிகள் தோன்றி மேலே எழுகின்றன. நீருக்குள் ஒரு நீராவிக் குமிழி நசுங்காமல் நிற்க வேண்டுமானால், குமிழியின் உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கடல்மட்டத்தில் அந்த ஈடு 100 டிகிரி செல்சியஸில் கிடைக்கிறது. காற்றின் அழுத்தம் குறைந்தால் அதைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே கிடைத்துவிடும். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக நேரமாவது அடுப்பின் குறையன்று. எவ்வளவு எரித்தாலும் கொதிக்கும் நீர் 93க்கு மேல் சூடாகாது. பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிரான தந்திரம். ஆவியை வெளியே விடாமல் அடைத்து அழுத்தத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கினால், நீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் சூடேறும். பருப்பு விரைவில் வெந்துவிடும். 1679-இல் இதன் முதல் வடிவத்தைச் செய்து காட்டிய பிரெஞ்சு இயற்பியலாளர் தெனி பாப்பன், நம் குக்கரின் வெயிட்டைப் போலவே, மிஞ்சிய ஆவியை வெளியேற்றும் ஒரு பாதுகாப்பு வால்வையும் சேர்த்திருந்தார்.

குறைந்த அழுத்தத்தில் நீர் கொதிப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊசி இல்லாத புதிய சிரிஞ்ச் ஒன்றில், கை பொறுக்கும் அளவைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடான நீரைக் கால்பங்கு இழுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு, வாயை விரலால் இறுக மூடியபடி தண்டைப் பின்னுக்கு இழுங்கள். அடுப்பில்லாமல், நெருப்பில்லாமல், நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். சூடான நீர் என்பதால் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

இனி, இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வரலாம். அடுப்பில் நீர் 100 டிகிரியைத் தொட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகு, தீ எரிந்துகொண்டே இருக்கிறது. வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வெப்பமானியோ 100-லேயே நிற்கிறது. போகும் வெப்பம் எங்கே?

1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக் என்ற வேதியியல் அறிஞர் இந்தக் கேள்வியைக் கடிகாரம் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். சிறு தகரப் பாத்திரத்தில் குளிர்ந்த நீரைச் சீரான நெருப்பின்மேல் வைத்தார். அது கொதிக்கத் தொடங்க ஏறக்குறைய 4 நிமிடங்கள் ஆயின. முழுவதும் கொதித்து வற்றுவதற்கு இன்னும் 20 நிமிடங்கள் பிடித்தன. நெருப்பு ஒரே சீராக எரிந்ததென்றால், நீரைச் சூடாக்கச் செலவானதைப்போல் ஐந்து மடங்கு வெப்பம், வெப்பமானியின் கண்ணுக்குப் படாமல், நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகியிருக்கிறது. அந்த வெப்பம் தொலைந்துபோகவில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது என்று பிளாக் முடிவு செய்தார். அதைத்தான் நாம் உள்ளுறை வெப்பம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் மறைவெப்பம் என்கின்றன. இரண்டுமே அழகான சொற்கள். இன்றைய அளவில் சொன்னால், 100 டிகிரி நீர் ஒரு கிராம் 100 டிகிரி நீராவியாக மாற ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. மூலக்கூறுகளை ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியிலிருந்து விடுவிப்பதற்கே அவ்வளவும் செலவாவதால், அவற்றின் வேகம் கூடுவதில்லை, வெப்பநிலையும் உயர்வதில்லை.

சமையலறையில் இதற்கு உடனடிப் பயன் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு வேகும் நீர் ஒருமுறை கொதித்துவிட்டால், தீயைக் குறைத்துவிடலாம். பெரிய தீயில் தளதளவென்று கொதிக்கும் நீரும் சிறு தீயில் மெல்லக் குமிழியிடும் நீரும் ஒரே 100 டிகிரிதான். கிழங்கு இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் வேகும். பெரிய தீயில் எரியும் கூடுதல் எரிவாயு முழுவதும் நீரை வற்றவைப்பதற்கே போகிறது.

ஆவி உள்வாங்கிய வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. மீண்டும் நீராக மாறும் கணத்தில், வாங்கியதைக் கடைசி ஜூல் வரை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதற்கு ஆவி சுருங்குதல் என்று பெயர். இட்லிப் பானையைத் திறந்து பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். இட்லித் தட்டு கொதிக்கும் நீரைத் தொடுவதில்லை; அதற்கு மேலே, ஆவியில் நிற்கிறது. 30 டிகிரியில் இருக்கும் மாவின்மேல் 100 டிகிரி ஆவி பட்டதும், அந்தக் குளிர்ந்த பரப்பில் அது நீராகிறது. அப்போது கிராமுக்கு 2260 ஜூலை மாவிடம் கொட்டிவிடுகிறது. 50 கிராம் மாவை வெறும் நீராகவே எண்ணிக் கணக்கிட்டாலும், அதை 100 டிகிரிக்குக் கொண்டுவர 6 அல்லது 7 கிராம் ஆவி போதும். மாவு சூடாகச் சூடாக அதன்மேல் ஆவி நீராவதும் தானாகவே குறைந்துவிடுவதால், இட்லி கருகுவதற்கு வழியே இல்லை. தோசை கருகும், அடை கருகும். பானையில் நீர் வற்றாதவரை இட்லி கருகாது.

ஆவி பட்ட காயம் கொதிநீர் பட்ட காயத்தைவிடக் கொடியதாக இருப்பதற்கும் இதே கணக்குத்தான். ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 37 டிகிரிக்குக் குளிர்ந்தால் 260 ஜூலுக்குச் சற்று மேலான வெப்பம் தோலுக்குள் இறங்குகிறது. ஒரு கிராம் ஆவி பட்டால், முதலில் நீராவதற்கான 2260, பிறகு அந்த 260, ஆக மொத்தம் 2500 ஜூலைத் தாண்டிவிடுகிறது. ஏறத்தாழ பத்து மடங்கு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். குக்கரின் வெயிட்டிலிருந்தோ கெட்டிலின் மூக்கிலிருந்தோ வெண்மையாக எழும் புகையை நாம் நீராவி என்கிறோம். உண்மையான நீராவி காற்றைப்போலவே நிறமற்றது, கண்ணுக்குத் தெரியாதது. கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள்: வாயை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், அதற்கப்பால்தான் வெண்மை தொடங்கும். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் அந்த இடத்தில்தான் நீராவி இருக்கிறது. வெண்மையாகத் தெரிவது, குளிர்காற்று பட்டு மீண்டும் நீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். வானத்து மேகமும் அதுவே.

ஜில்லென்ற மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளியே துளிகள் அரும்புவதும் ஆவி சுருங்குதல்தான். உலோகத்தைத் தாண்டி மோர் கசிய முடியாது. அந்த நீர் காற்றிலிருந்து வந்தது. 30 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 10 கிராம்கூடத் தாங்காது. டம்ளரைத் தொட்ட காற்று, தாங்க முடியாததை அதன்மேல் இறக்கிவைத்துவிடுகிறது. மோர் சீக்கிரம் குளிர் விட்டுப்போவதில் அந்தத் துளிகளுக்கும் பங்குண்டு. ஒவ்வொரு துளியும் தன் உள்ளுறை வெப்பத்தை டம்ளருக்குள் செலுத்திவிட்டுத்தான் துளியாகிறது.

உணவகங்களின் பின்கட்டில், பெரிய அடுப்புகளோடு இணைத்த எரிவாயு சிலிண்டர்களின் கீழ்ப்பாதி வியர்த்தும், சில நேரம் உறைபனி படிந்தும் நிற்பதைப் பார்க்கலாம். சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட திரவம். எரிவாயுவை வேகமாக எடுக்க எடுக்க, உள்ளே திரவம் வேகமாக ஆவியாகிறது. அதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பானைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. குளிர்சாதனப் பெட்டியும் ஒரு திரவத்தைக் குழாய்க்குள் ஆவியாக்கித்தான் உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுக்கிறது; பெட்டிக்குப் பின்னால் அந்த ஆவியை மறுபடி திரவமாக்கி வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. அதன் பின்புறம் சூடாக இருப்பது பழுதின் அறிகுறியன்று. கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கப் பார்க்கிறவர், முன்னால் எடுத்த வெப்பமும் மோட்டார் உண்டாக்கிய வெப்பமும் பின்னால் சேர்ந்து வருவதால், கடைசியில் அறையைச் சூடாக்கிக்கொள்வார்.

இதே செயல் மிகப் பெரிய அளவில் நடப்பதைக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ வேதாரண்யத்துக்கோ போக வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்பளப் பாத்திகளில் அந்த நீரைத் தேக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி, வெயிலிலும் காற்றிலும் காயவைக்கிறார்கள். கரைந்துள்ளவை எல்லாம் சமையல் உப்பாகக் கிடைப்பதில்லை என்பதால், ஒரு கிலோ உப்பு எடுக்க ஏறத்தாழ 40 லிட்டர் நீரை ஆவியாக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான வெப்பம் 9.7 கோடி ஜூலைத் தொடுகிறது. அதே வேலையை மின் அடுப்பில் செய்தால் 27 யூனிட் மின்சாரம் செலவாகும். எரிவாயு அடுப்பில், ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் எரித்தாலும், இரண்டு கிலோவுக்கு மேல் எரிவாயு வேண்டும். கடையில் அவ்வளவு மலிவாகக் கிடைக்கும் உப்புப் பொட்டலத்தில், வெயில் செய்த வேலைக்கு யாரும் விலை போடுவதில்லை. பாத்தியில் இறங்கி வாரும் தொழிலாளியின் வேலைக்குப் போடும் விலையும் போதாது என்பது என் எண்ணம்.

பாத்தியிலிருந்தும் கடலிலிருந்தும் வெயில் எழுப்பிய ஆவி, வெயில் கொடுத்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. உயரத்தில் காற்று குளிர்ந்திருப்பதால் ஆவி துளிகளாகி மேகமாகிறது. இட்லி மாவுக்குக் கொடுத்ததைப்போலவே சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. சூடான காற்று இன்னும் மேலே எழுகிறது; அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கீழேயிருந்து மேலும் ஈரக்காற்று விரைகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் ஒரு லட்சம் டன். அது மேகத்தில் நீராக மாறியபோது வெளிவிட்ட வெப்பத்தை மின்சார அளவில் சொன்னால் 6 கோடி யூனிட்டுக்கு மேல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு மழை கொட்டும் ஒரு புயலுக்குள் எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். புயலின் சூறைக்காற்றுக்குத் தீனி இந்த வெப்பமே. கடல்நீர் ஏறத்தாழ 26 அல்லது 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயல் வலுப்பெறத் தேவையான அளவுக்கு ஆவி எழும். அதனால்தான் கோடை முழுவதும் வெப்பத்தைச் சேர்த்துவைத்த வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயல்கள் உருவாகின்றன.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த அந்தக் காற்று, உள்நாட்டுக்குள் போகப் போக வலுவிழந்து, அன்றே தாழ்வு மண்டலமாகத் தேய்ந்தது. மரங்களும் மலைகளும் காற்றைத் தடுத்தது உண்மைதான். ஆனால் அதைவிட முதன்மையான காரணம், அதன் அடியில் இருந்த வெதுவெதுப்பான கடல் போய்த் தரை வந்துவிட்டது; ஆவி எழவில்லை; ஆவி இல்லாததால், மேலே திருப்பிக் கொடுக்க வெப்பமும் இல்லை.